ஒரு வீட்டுக்கு ஒரு தடவை

வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சாறிக் கடையின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அறையின் கதவை றொஷினி தட்டவில்லை. தள்ளிக்கொண்டே உள்ளே வந்தாள். சப்பாத்தில் அழுக்குப் பனி. கையில் காகிதங்கள் பிதுங்கும் ஒரு பிளாஸ்டிக் பை.

"காணாமல் போன காகிதமும் தேடித் தருவியள் எண்டு தமிழ்க் கடையில ஒட்டியிருந்தது" என்றாள். "என்ர காகிதம் காணாமல் போகேல்லை அக்கா. எனக்கு முந்தி ஆரோ அதைக் குடுத்திட்டினம்."

மேசைக்குப் பின்னால் இருந்த சிசிலி நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு பெய்லிஃப் கந்தோரில் வேலை செய்தவர். நீதிமன்ற நோட்டீஸுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பதுதான் வேலை. கதவைத் திறக்கிற முகங்கள் ஒருநாள் கனவிலும் வரத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டு, ஆட்களையும் ஆவணங்களையும் தேடிக் கொடுக்க ஆரம்பித்தார்.

"இருங்கோ. முதல்ல மூச்சை விடுங்கோ" என்றார்.

"இருக்க நேரமில்லை அக்கா. நாலரைக்கு எல்லாம் முடிஞ்சிடும்."

ஜன்னலோரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஹரிபிரசாத் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். சென்னைக்காரன். படிக்க வந்து, ஐ.டி. வேலையில் இருந்து, ஆட்குறைப்பில் அதை இழந்து, சிசிலியிடம் உதவியாளனாகச் சேர்ந்து இரண்டு வருடம். வேலை போனபோது அவனிடமிருந்து வாய் மட்டும் போகவில்லை.

"நின்னுகிட்டே சொன்னா ஃபீஸ்ல தள்ளுபடி எதுவும் கிடையாதுங்க. உக்காருங்க" என்றான்.

றொஷினி சொன்னாள். நாற்பத்துநாலு வயதில் இதுவரை அந்நியர் எவரிடமும் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னாள்.

செயின்ட்-மிஷேலில் ஒரு சின்ன வீடு. ஐந்து மாதமாக வீட்டுக் கடனான மோர்ட்கேஜைக் கட்டவில்லை. கணவர் கணேசலிங்கம்தான் வீட்டுக் கணக்கெல்லாம் பார்ப்பவர். தொழிற்சாலையில் மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டார்கள், சமாளிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜனவரியில் ஒருநாள் பெய்லிஃப் வந்து அறுபது நாள் நோட்டீஸை அவள் கையிலேயே கொடுத்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. அந்த அறுபது நாள் வரும் திங்களோடு முடிகிறது. அதற்குப் பிறகு வங்கி நீதிமன்றம் போகும்.

போன கிழமை, அவள் சமையல் வேலை செய்யும் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பிள்ளையின் தாய் ஒரு வழி சொன்னாள். ட்ரெமோவில் ட்ரஸ்ட் என்ற கடன் கம்பெனி பல வருடமாக வீட்டுக் கடன்காரர்களிடம் சட்டத்துக்கு மாறான தண்டப்பணம் கறந்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். தீர்ப்புக்கு முன்பே கம்பெனி சமரசத்துக்கு வந்து ஒரு பெருந்தொகையைக் கட்டியது. அதில் ஒரு பங்கை, வீட்டை இழக்கும் நிலையில் இருக்கிற யாராக இருந்தாலும் அவர்களுக்கு உதவுவதற்கென்று ஒதுக்கி, செயின்ட்-மிஷேல் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு உதவி நிலையம் திறந்திருந்தார்கள். நிலுவையில் இருபதாயிரம் டாலர் வரை நிலையமே கட்டிவிடும். மனுக் கொடுக்க இன்று கடைசி நாள்.

"காலமை ஒன்பது மணிக்கே போய் நிண்டனான். அங்க றெனோல்ட் எண்டு ஒரு தமிழ்த் தம்பி. கொம்பியூட்டரைப் பார்த்திட்டு, உங்கட வீட்டுக்கு மூண்டு கிழமைக்கு முதலே குடுத்தாச்சு, ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் அன்ரி எண்டுது. நான் ஒரு சதமும் காணேல்லை அக்கா! ஆர் குடுத்தது, ஆருக்குக் குடுத்தது எண்டு கேட்டால், அதைச் சொல்லேலாதாம். முதல் பக்கத்தை மட்டும் கொப்பி அடிச்சுத் தந்தது. அதில என்ர கையெழுத்து இருக்கு. அந்தத் தம்பி என்னைக் கள்ளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தது."

சிசிலி கையை நீட்டினார். றொஷினி அந்த ஒற்றைத் தாளையும், றெனோல்ட் கொடுத்த விதிமுறைப் புத்தகத்தையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

தாளில் பெயர், முகவரி, ஒரு தொலைபேசி எண், இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான்.

"இந்த நம்பர் ஆற்ற?"

"தெரியாது அக்கா. என்ரையும் இல்லை, இவற்றையும் இல்லை."

"எழுத்து?"

"தெரியாது. ஆனா கையெழுத்து என்ரைதான். அதுதான் எனக்கு விசர் பிடிக்குது."

ஹரி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "மேடம், எழுதினவன் பிரெஞ்சுக்காரன். ஏழுக்கு நடுவுல கோடு. றொஷினிக்கு எஸ்-எச் போடாம சி-எச் போட்டிருக்கான். அப்புறம் இது என்ன, நடுப்பேரு… பி, ஏ, பி, ஏ. பாபாவா? அக்கா, நீங்க ஏதாச்சும் ஆசிரமம் நடத்துறீங்களா?"

றொஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. சிசிலிக்கும் வரவில்லை. ஆனால் அவர் தாளை மேசையில் வைத்த விதம் மாறியிருந்தது.

"றொஷினி, உங்கட அடையாள அட்டையைப் பார்த்து ஒருத்தன் எழுதியிருந்தால் எழுத்துப் பிழை வராது. இது காதால கேட்டு எழுதினது. பக்கத்தில இருந்த ஆரோ ஒருத்தர் வாயால சொல்லியிருக்கிறார். சொல்லேக்க ஒரு பேரைச் சொல்லி, பேந்து திருத்தி மற்றப் பேரைச் சொல்லியிருக்கிறார். எழுதினவன் ரெண்டையும் எழுதிப்போட்டான்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "வீட்டில உங்களை என்னெண்டு கூப்பிடுறவை?"

அறை சட்டென்று குளிர்ந்ததுபோல் இருந்தது றொஷினிக்கு.

"பபா."

"ஆர் கூப்பிடுறது?"

"அம்மாவும் அப்பாவும் இருக்கேக்க கூப்பிட்டவை. இப்ப…" அவள் முடிக்கவில்லை.

ஹரி மெதுவாகத் தன் இடத்துக்குப் போனான். சிசிலி கண் காட்டியதும் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, அந்த எண்ணை அழுத்தினான். நாலாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"கூரியர் சார்" என்றான் ஹரி ஆங்கிலத்தில், தொண்டையைக் கொஞ்சம் தடிப்பாக்கி. "வீட்டு உதவி நிலையத்திலேர்ந்து ஒரு பதிவுத் தபால். செயின்ட்-மிஷேல் வீட்டுல யாரும் இல்லை. எங்க கொண்டு வந்து கொடுக்கட்டும்?"

மறுபக்கத்தில் ஒரு பெருமூச்சு. பிறகு ஒரு ஆணின் குரல், அவசரமாக: "யெஸ், யெஸ். வீட்டில குடுக்க வேண்டாம். நான் ரொக்ஸ்பரோவில நிக்கிறன். குவாங் வீதி, பல் வைத்தியசாலைக்கு மேல்மாடி. அங்க கொண்டு வாங்கோ, பிளீஸ்."

றொஷினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் அறியாத ஒரு போனில், விடியக்காலை ஆறு மணிக்கு அவள் கட்டிக் கொடுத்த புட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போன கணவரின் குரல் அது. நேற்று இரவு, நாளைக்கு உதவி நிலையத்துக்குப் போகப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கையைக் கழுவியவரின் குரல். வெட்கத்தில் எழும்பிவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சிசிலி கோட்டைப் போட்டுக்கொண்டார். "வாங்கோ. ரொக்ஸ்பரோவுக்கு நாப்பது நிமிசம்."

* * *

சிசிலியின் பழைய கொரோலா நெடுஞ்சாலையில் உப்புச் சேற்றை வாரியடித்துக்கொண்டு மேற்கே ஓடியது. பின்சீட்டில் றொஷினி பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். தன்னைக் கொள்ளையடித்தவன் யாரோ முன்பின் தெரியாத ஒருவனாக இருக்கக்கூடாதா என்று மனம் கெஞ்சியது. அப்படியென்றால் பொலிசுக்குப் போகலாம். இதை எங்கே கொண்டுபோவது?

முன்சீட்டில் ஹரி லேப்டாப்பில் காணிப் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருந்தான். "அரசாங்கத்துக்கு ஒரு டாலர் சொச்சம் கட்டினா ஊர்ல எவன் வீட்டு ஜாதகத்தையும் பாத்துடலாம்" என்று சொன்னவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

"என்ன?" என்றார் சிசிலி.

"அக்காவோட வீட்டு மேல ரெண்டாவது கடன் ஒண்ணு இருக்கு மேடம். பதினாலு மாசத்துக்கு முன்னாடி. அறுபதாயிரம். கொடுத்தவன் பேரு நிதோர் கிரெடிட். கையெழுத்து ரெண்டு பேரோடதும்."

றொஷினிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மோர்ட்கேஜைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி கணவர் அழைத்துப்போன, பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு கந்தோர். வெள்ளை மேசை. பிரெஞ்சில் கடகடவென்று வாசித்த பெண்.

"எட்டு இடத்தில கையெழுத்து வைச்சனான்" என்றாள். "அவ வாசிச்சா. இவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினன். மூண்டு கிழமைக்கு முதலும் ஒரு தாள் நீட்டினவர், வரி கட்டுறதைத் தள்ளிப்போடவாம். அடுப்பில கறி. நிண்ட நிலையில வைச்சுக் குடுத்தனான்."

பல் வைத்தியசாலைக்கு மேலே, கண்ணாடிக் கதவில் தங்க எழுத்தில் நிதோர் கிரெடிட். "தங்கக் கூடு எண்டு அர்த்தம்" என்றார் சிசிலி.

"கூடுன்னுதான் நானும் நினைச்சேன். உள்ள போற வழி மட்டும் பெருசா இருக்கு" என்றான் ஹரி.

உள்ளே காத்திருப்போர் நாற்காலியில் கணேசலிங்கம் இருந்தார். ஐம்பத்தொரு வயது. தொழிற்சாலையின் பெயர் பதித்த ஜக்கெட். மடியில் சாப்பாட்டுப் பெட்டி, திறக்கப்படாமல். றொஷினியைக் கண்டதும் எழும்பினார். பிறகு எழும்பியது எதற்கென்று தெரியாதவர்போல மறுபடி இருந்துவிட்டார்.

"பபா… நீர் எப்பிடி இஞ்ச…"

அவள் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு இருந்தாள். கத்துவதற்கு வழியெல்லாம் சொற்கள் சேர்த்து வைத்திருந்தாள். வந்தது ஒரு சின்னக் கேள்விதான்.

"வேலைக்குப் போகேல்லையே?"

"வேலை இல்லை."

"எப்ப தொடக்கம்?"

"பதினாறு மாசம்."

அவள் விரல்களை மடித்து எண்ணினாள். இரண்டு தீபாவளி. "அப்ப சம்பளம்? ரெண்டு கிழமைக்கு ஒருக்கா எக்கவுண்டில விழுந்ததே, அது?"

"நான்தான் போட்டனான்."

"எங்கயிருந்து?"

அவர் உள் அறைக் கதவைப் பார்த்தார்.

மெல்ல மெல்லத்தான் அவளுக்குப் புரிந்தது. அரிசி, மீன், கரண்ட் பில், தங்கச்சி மகளின் சாமத்தியவீட்டுக்குப் போட்ட சங்கிலி. "எங்கட வீட்டையே இவ்வளவு நாளும் நாங்கள் சாப்பிட்டிருக்கிறம்" என்றாள்.

"வேற வேலை கிடைச்சிடும், கிடைச்ச உடன கட்டிப்போட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சன். காலமை வெளிக்கிட்டு ரெயில்லயும் லைப்ரரியிலயும் இருப்பன். வயசைப் பார்த்திட்டு ஒருத்தரும் எடுக்கேல்லை. காசு முடிஞ்சுது. வங்கிக்கும் கட்டேலாமல் போச்சுது, இவைக்கும் கட்டேலாமல் போச்சுது." அவர் குரல் தேய்ந்தது. "இவையின்ர மனேஜர்தான் சொன்னவன், இப்பிடி ஒரு உதவிக் காசு இருக்கு, நானே நிரப்பித் தாறன் எண்டு. எங்கட நிதோர் நிலுவையை முதல்ல கட்டினால் வங்கி தானாப் பொறுக்கும் எண்டான். நீரும் அங்க போவீர் எண்டு எனக்குத் தெரியாது. நேற்று நீர் சொன்ன உடன… அதுதான் எட்டு மணியிலயிருந்து இஞ்ச நிக்கிறன். திருப்பித் தாங்கோ எண்டு கெஞ்சிறன். கட்டினது கட்டினதுதானாம்."

றொஷினி முகத்தைப் பொத்திக்கொண்டாள். திருடனைப் பிடித்தாயிற்று, பணம் போன இடமும் தெரிந்தாயிற்று. ஆனால் வீடு போகப்போகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான்.

சிசிலி இந்த நேரம் முழுக்க விதிமுறைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்துக்கொண்டிருந்தார். இப்போது கணேசலிங்கத்திடம் திரும்பினார். "இவை உங்களுக்கு அனுப்பின கடிதம் ஏதும் கையில கிடக்கோ? கவரோட?"

அவர் ஜக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தையை எடுத்துக் கொடுத்தார். சிசிலி கடிதங்களைப் பிரிக்கவேயில்லை. மேல் கவரை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஹரியின் காதில் ஏதோ சொன்னார். ஹரி லேப்டாப்போடு ஒரு மூலைக்குப் போனான்.

மனேஜர் மத்தியானச் சாப்பாட்டை முடித்து இரண்டே காலுக்குத்தான் வந்தான். இறுக்கமான சூட். ஆட்களைக் கண்டதும் முகம் சுளித்தது.

"மேசியூ, இத்தோட பத்துத் தடவை சொல்லியாச்சு. அந்தப் பணம் உங்க கணக்கில் வரவாகிவிட்டது. திருப்ப முடியாது."

"திருப்ப வேண்டாம்" என்றார் சிசிலி, பிசிறில்லாத பிரெஞ்சில். "உதவி நிலையத்தின் பணம் இன்ன திகதியில் எங்களுக்கு வந்துசேர்ந்தது என்று ஒரு ரசீது. கையெழுத்தும் முத்திரையும். அதைத் தந்தால் இவரை நாங்கள் கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம்."

றொஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரசீதா? இதற்கா இவ்வளவு தூரம் வந்தது? "அக்கா, என்ன கேக்கிறியள்?" என்று எழும்பியவளின் கையைச் சிசிலி அழுத்தினார்.

இந்தத் தொல்லை இவ்வளவு மலிவாகத் தீருமா என்று மனேஜருக்கே ஆச்சரியம். இரண்டு நிமிடத்தில் ரசீதை அச்சடித்து, பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினான். கதவையும் அவனே திறந்துவிட்டான்.

படிக்கட்டின் திருப்பத்தில் சிசிலி நின்றார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அதற்குப் பக்கத்தில் கவரின் பின்பக்கத்தைப் பிடித்தார்.

"இது சமரசக் காசு கட்டின ட்ரெமோவில் ட்ரஸ்டின்ர விலாசம். தபால் பெட்டி நாலாயிரத்து நானூற்றிப் பதினேழு, லவால். இது நிதோரின்ர கவர். ஆளைக் காணாட்டித் திருப்பி அனுப்பவேண்டிய விலாசத்தை வாசியுங்கோ."

றொஷினி வாசித்தாள். நாலாயிரத்து நானூற்றிப் பதினேழு, லவால்.

"ரெண்டு கம்பெனியும் ஒரே தபால் பெட்டியில குடித்தனம் நடத்துதுங்க அக்கா" என்றான் ஹரி, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி. "இது கம்பெனிப் பதிவேடு. நிதோர் ட்ரெமோவிலோட குட்டி. நூத்துக்கு நூறு பங்கும் அப்பன்கிட்டதான் இருக்கு."

"இப்ப இந்தப் புத்தகத்தின்ர பதினோராவது விதி" என்றார் சிசிலி. "சமரசக் காசில ஒரு சதமும், அதைக் கட்டின கம்பெனிக்கோ அதின்ர கிளைக்கோ திரும்பிப் போகக்கூடாது. போனால் அந்த உதவி செல்லாது. நிலையம் காசைத் திருப்பி எடுக்கவேணும். அந்த மனு குடுக்காத மனுவாகத்தான் கணக்கு."

றொஷினி கவரிலிருந்து நிமிர்ந்தாள். "குடுக்காத மனு எண்டால்…"

"உங்கட வீட்டுக்கு இன்னும் ஒருக்காலும் குடுக்கேல்லை எண்டுதான் அர்த்தம். தண்டமாக் கட்டின காசை மற்றக் கையால திருப்பி வாங்கியிருக்கிறாங்கள். வாங்கினதுக்கு அவனே கையெழுத்தும் போட்டுத் தந்திருக்கிறான்."

"முத்திரையோட" என்றான் ஹரி.

* * *

மணி இரண்டு ஐம்பது. வானொலியைப் போட்டதும் நெடுஞ்சாலையில் லொறி கவிழ்ந்த செய்தி. கிழக்குப் பக்கம் ஒரு சக்கரமும் அசையவில்லை.

சிசிலி காரை ரொக்ஸ்பரோ ஸ்டேஷனுக்குத் திருப்பி, ஒரு பனிக்குவியலோடு சேர்த்து நிறுத்திவிட்டு இறங்கினார். "மனுவில ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும். நீங்களும் ஓடி வாங்கோ கணேசலிங்கம்!"

நால்வரும் ஓடினார்கள். கதவு மூடுகிற நேரம் ஹரி தோளைக் கொடுத்து நிறுத்தினான். ரயிலில் இருக்க இடமிருந்தும் றொஷினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணேசலிங்கம் பக்கத்தில் வந்தார்.

"பபா, நான் ஒண்டு சொல்லவேணும்…"

"கதைக்காதேங்கோ. இப்ப நீங்கள் கதைச்சால் அடுத்த ஸ்டேஷனில நான் இறங்கிப் போடுவன்."

அவர் தள்ளிப் போய் நின்றார். எட்வார் மொன்பெத்தியில் இறங்கி, நீல மெட்ரோவுக்கு மாறினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் றொஷினி மணியைப் பார்த்தாள். அக்காடி. பார்க். ஜான்-தலோனில் கதவு மூடாமல் நான்கு நிமிடம் வண்டி அப்படியே நின்றது. அந்த நாலு நிமிடத்தில் அவள் தன் வீட்டின் ஒவ்வொரு அறையையும் காலி செய்து முடித்துவிட்டாள்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு உதவி நிலையத்தின் கதவைத் தள்ளினார்கள்.

றெனோல்டுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். இங்கே பிறந்தவன், தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவான். றொஷினியைக் கண்டதும் தயங்கினான். "அன்ரி, நான் காலமையே சொன்னனான்…"

சிசிலி ரசீதையும், கவரையும், கம்பெனிப் பதிவேட்டையும், திறந்த புத்தகத்தையும் வரிசையாக அவன் முன்னால் வைத்தார். றெனோல்ட் வாசித்தான். காது சிவந்தது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே மேலதிகாரியிடம் ஓடினான்.

ஆறு நிமிடம். றொஷினி சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். யாருக்கு நேர்ந்துகொள்வது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அன்ரி." றெனோல்ட் வந்து நின்றான். "பழைய உதவி… கான்சல். காசை நாங்கள் அவையிட்டத் திருப்பி எடுப்பம். உங்கட ஃபைல் புதுசாத் திறந்தாச்சு. அங்கிளும் நீங்களும் இதில சைன் பண்ணுங்கோ. இந்தக் கடிதத்தைத் திங்கள் காலமை வங்கியில குடுங்கோ. எங்களோட அவைக்கு ஒப்பந்தம் இருக்கு, முப்பது நாள் பொறுக்கவேணும். அதுக்குள்ள நாங்கள் நிலுவையைக் கட்டிடுவம்."

எட்டு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வைத்தவள், இந்த ஒரு கையெழுத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்து, விளங்காத இரண்டு சொல்லைக் கேட்டுத் தெளிந்த பிறகே வைத்தாள். பேனாவைக் கணவரிடம் நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முத்திரை விழுந்தது. நாலு பதினாறு. வாய்விட்டு அழவேண்டும் போல் இருந்தது. ஆனால் றெனோல்ட் இன்னும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் சும்மா அந்தக் கம்பெனி பேரைத் தேடிப் பார்த்தன்" என்றான். "நிதோர் கிரெடிட்டுக்குப் போன ஃபைல்… இருபத்திமூண்டு."

"எல்லாம் செல்லாதவை" என்றார் சிசிலி.

"ஓம். ஆனா வீட்டுக்காரர் தாங்களே முறைப்பாடு சொன்னாத்தான் புதுசாத் திறக்கலாம். போன்ல சொன்னாலும் காணும். நாலரைக்கு சிஸ்டம் தானா மூடிடும். அவையின்ர பேரை நான் உங்களுக்குச் சொல்லேலாது. நானே எடுக்கிறதெண்டாலும் பதினாலு நிமிசம்தான் கிடக்கு." அவன் அப்போதே ரிசீவரைக் கையில் எடுத்திருந்தான்.

கணேசலிங்கம் இருக்கையில் மெல்ல உட்கார்ந்தார். "நாலு பேரின்ர பேர் எனக்குத் தெரியும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ரெயில்ல சொல்ல வந்தது இதுதான்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "என்னோட வேலையில இருந்து நிப்பாட்டின ஆக்கள். நான்தான் அவையை நிதோருக்கு அனுப்பினனான். ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒரு மாசத் தவணை எனக்கு விடுவினம். நாலு பேர். நாலு மாசம். நல்ல இடம், நம்பிப் போங்கோ எண்டு சொன்னனான்."

றொஷினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனதை மறைத்த மனிதரிடம் கோபம் இருந்தாலும், எங்கோ ஒரு மூலையில் இரக்கமும் இருந்தது. இப்போது அது எங்கே என்று தேடவேண்டியிருந்தது. அந்த நாலு வீட்டிலும் இந்த நேரம் ஒருத்தி பிளாஸ்டிக் பையில் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருப்பாள். அல்லது, இன்னமும் ஒன்றுமே தெரியாமல் அடுப்படியில் நிற்பாள்.

அவள் கையை நீட்டினாள். "உங்கட போனைத் தாங்கோ."

கொடுத்தார்.

"ஆரார்? பேரைச் சொல்லுங்கோ."

சொன்னார். அவள் பட்டியலில் முதல் ஆளைத் தேடி எடுத்து, அழைப்பை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"பபா, ஆக்களுக்கு முன்னால… நீரே சொல்லுமன்."

"நான் அனுப்பேல்லை. நீங்கள்தான் அனுப்பினனீங்கள்."

மணி அடித்தது. ஒரு முறை. இரண்டு முறை. ஐந்தாவது மணியில் ஒரு கனத்த குரல்: "ஹலோ? ஆர், கணேசோ? என்னடா, கனகாலத்துக்குப் பிறகு?"

கணேசலிங்கம் போனுக்குக் கிட்டக் குனிந்தார். சிசிலி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு பதினெட்டு.

"அருளம்பலம் அண்ணை" என்றார் கணேசலிங்கம். "நான் ஒண்டு சொல்லப் போறன், இடையில நிப்பாட்டாதேங்கோ. உங்களை அந்த ரொக்ஸ்பரோ ஆக்களிட்ட அனுப்பினதுக்கு நான் கூலி வாங்கினனான். என்ர தவணையில ஒரு மாசத்தைக் கழிச்சவங்கள். அவங்கள் உங்கட உதவிக் காசையும் சுருட்டிப்போட்டாங்கள். என்னை ஏசிறதெண்டால் பேந்து வீட்டை வந்து ஏசுங்கோ, அடிச்சாலும் பரவாயில்லை. இப்ப பக்கத்தில நிக்கிற தம்பியிட்ட உங்கட பேரையும் வீட்டு நம்பரையும் மட்டும் சொல்லுங்கோ. கெதியா அண்ணை."

மறுமுனையில், தூரத்தில் ஒரு பெண் "ஆரப்பா போனில?" என்று கேட்பது கேட்டது. கனத்த குரல், ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரைச் சொல்லத் தொடங்கியது. றெனோல்டின் விரல்கள் ஓடின.

கணேசலிங்கம் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

றொஷினி அடுத்த நம்பரை எடுத்தாள்.